ஜப்பானிய அரண்மனைப் பெண்களின் மரக்கட்டை அச்சுப்படங்களை அடையாளம் காணுதல்: முழுமையான வழிகாட்டி

பெண் உருவம் கொண்ட பழைய ஜப்பானிய அச்சுப்படம் ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலோர் முதலில் கேட்பது இதை வரைந்தவர் யார் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே இங்கே சொல்லப்படும் முறை. பெயரை முதலில் தெரிந்துகொண்டவர், பிறகு தாளையும் உடையையும் வண்ணத்தையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பொருந்தாதவை கண்ணில் படாமலே போய்விடுகின்றன. புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன.

தெளிவுக்காக ஒரு தொடரை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். யோஷூ சிகனோபு (1838–1912) வரைந்து, பதிப்பாளர் ஃபுகுடா ஹட்சுஜிரோ 1894 முதல் 1896 வரை டோக்கியோவில் வெளியிட்ட 'சியோடா நோ ஓஓக்கு' என்ற தொடர் அது. எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அந்தப்புரத்தில் வாழ்ந்த பெண்களின் ஆண்டுச் சடங்குகளையும் பொழுதுபோக்குகளையும் மூன்று தாள்கள் சேர்ந்த படங்களாக அது காட்டுகிறது. இந்தத் தொடரின் படங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெண்களின் பதவிக்கு ஏற்ப உடையும் கூந்தலும் வேறுபடுத்தி வரையப்பட்டிருக்கின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

படத்தைவிடப் பெரிய, சுத்தமான, உலர்ந்த மேசை ஒன்று வேண்டும். அதன்மீது அமிலமற்ற வெள்ளை அட்டையையோ, புதிய வெள்ளைத் தாளையோ விரியுங்கள். செய்தித்தாளை விரிக்கக் கூடாது. அதன் மை ஈரக் கையில் ஒட்டிப் படத்துக்கு மாறும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, சிறிய டார்ச், மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், பென்சில், கேமரா அல்லது கைப்பேசி ஆகியவை போதும். பேனாவை அந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள். பென்சில் கோட்டை நீக்க வழியுண்டு. மைத்துளி விழுந்தால் வழியில்லை.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். துணிக் கையுறை அணிவதுதான் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மெல்லிய தாளைக் கையாளும்போது துணியுறை விரல் உணர்வை மழுங்கடித்துவிடும். தாளின் நுனி நூலில் சிக்கிக் கிழியவும் கூடும். சுத்தமான வெறுங்கையே மேல். தாளைத் தூக்கும்போது எதிரெதிரான இரண்டு மூலைகளை இரு கைகளாலும் பிடித்து, நடுப்பகுதி இயல்பாகத் தொய்யும்படி விடுங்கள். ஒரு கையால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாள் மடிந்து, அந்த மடிப்புக் கோட்டில் வண்ணம் உதிர்ந்துவிடும்.

2. எதையும் தொடும் முன் படம் பிடியுங்கள்

முன்பக்கம் முழுவதும், பின்பக்கம் முழுவதும், நான்கு மூலைகள், எழுத்துகள் உள்ள ஒவ்வோர் இடம் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். ஃபிளாஷைத் தவிர்த்து, சன்னலின் மறைமுக வெளிச்சத்தில் எடுத்தால் வண்ணம் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

இந்தப் படிக்கு இரண்டு காரணங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தாளை மறுபடி மறுபடி வெளியே எடுக்க வேண்டியிராது. கிழிசலோ கறையோ முன்பே இருந்ததா, நம் கையில் வந்த பிறகு ஏற்பட்டதா என்ற ஐயத்துக்கும் இடமிராது.

படம் சட்டகத்துக்குள் இருந்தால், தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒட்டியிருந்தால் சட்டகத்தைத் திறக்கும் வேலையைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுவதே நல்லது.

3. அளவும் தாள்களின் எண்ணிக்கையும்

'ஓபான்' எனப்படும் வழக்கமான அளவு ஏறத்தாழ 39 × 26 சென்டிமீட்டர். மெய்ஜி காலத் (1868–1912) தாள்கள் பெரும்பாலும் இதைவிடச் சற்றுச் சிறியவை. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் இன்னும் சிறுக்கும். அதில் பாதி அளவுள்ளது 'சூபான்'. மூன்று ஓபான் தாள்கள் பக்கம் பக்கமாக நின்று ஒரே காட்சியை உருவாக்கினால் அது மூன்று தாள் படம்.

அளவு ஏன் இவ்வளவு முன்னதாக வருகிறது என்றால், கையில் இருப்பது முழுமையான படமா, ஒரு பகுதி மட்டுமா என்பதை அதுவே சொல்லிவிடும். விற்பனைக்கு வரும் தனித்தாள்கள் பல, மூன்று தாள் படத்திலிருந்து பிரிந்தவை. உடையின் ஓரம், தரைப்பாயின் கோடு, மரக்கிளை போன்றவை தாளின் விளிம்பில் திடீரென்று அறுந்து நின்றால், அடுத்த தாள் ஒன்று இருந்தது என்று பொருள். தொடரின் தலைப்பு ஒரு தாளில் மட்டும் இருப்பதுண்டு, கையொப்பமும் அப்படியே. பிரிந்த நடுத்தாளில் இரண்டும் இல்லாமல் போவதைப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத ஓவியரின் படைப்பு என்று குறித்துவைப்பது மிகவும் பரவலான பிழை.

மூன்று தாள்களையும் வைத்திருப்பவர்கள் அவற்றை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். ஜப்பானியப் பார்வையாளர் காட்சிக்குள் வலப்பக்கத்திலிருந்தே நுழைகிறார். இடமிருந்து எண்களிட்டுவிட்டால், பிறகு அருங்காட்சியகப் பதிவுகளோடு ஒப்பிடும்போது எல்லாம் குழம்பிவிடும்.

சிகனோபுவின் இந்தத் தொடரைப் பலர் தொகுப்பேடாகக் கட்டிவைத்தார்கள். அதற்காகத் தாள்களின் ஓரத்தை வெட்டி, பின்புறம் வேறு தாள் ஒட்டி, மூன்றையும் இணைத்தார்கள். ஆகவே வெட்டப்பட்ட ஓரத்தைக் கண்டதும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் தேதியும் பதிப்பாளர் பெயரும் இருந்த ஓரம் அந்த வெட்டில் போயிருக்கலாம் என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

4. பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தின் அழகில் மயங்கும் முன் தாளைத் திருப்பிவிடுவது நல்ல பழக்கம். கையால் அச்சிடும்போது, மைபூசிய மரப்பலகையின்மீது ஈரத் தாளை வைத்து, மூங்கில் உறையால் மூடிய வட்டமான 'பரென்' என்ற கருவியால் பின்புறமாகத் தேய்க்கிறார்கள். அந்த அழுத்தத்தில் வண்ணம் தாளின் நாருக்குள் ஊடுருவிப் பின்பக்கத்திலும் தெரியும். சுழன்று சுழன்று தேய்த்த தடங்களும் பல இடங்களில் தெரியும். எந்திரத்தில் அச்சான நகலில் இவை இரண்டும் இரா.

அடுத்து டார்ச்சைத் தாளுக்குப் பின்னால் காட்டுங்கள். 'கோசோ' செடியின் பட்டையிலிருந்து செய்த ஜப்பானியத் தாளில் நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், தாள் வார்த்த சல்லடையின் கோடுகளும் தெரியும்.

மூன்றாவதாக முன்பக்கத்தின் முகப் பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் அச்சிட்ட நகல். மேலே செல்ல வேண்டியதில்லை. புள்ளிகள் இல்லாமல் வண்ணம் சீராகப் பரவி, கோட்டின் ஓரத்தில் மை சற்றே ஒதுங்கித் தடித்திருந்தால் அது மரப்பலகை அச்சு.

மரப்பலகை அச்சு என்று உறுதியானாலும், அது அந்தக் காலத்து அச்சு என்று உறுதியாகிவிடாது. பழைய படங்களைப் புதிய பலகைகளில் மறுபடி செதுக்கிக் கையாலேயே அச்சிடும் மரபு ஜப்பானில் இன்றும் உயிரோடிருக்கிறது. டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் அதில் பெயர் பெற்றது. மறுசெதுக்கல்களிலும் பரென் தடம் இருக்கும், கோசோ தாள் இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் வழி எட்டாம் படியில் வருகிறது.

5. அந்தப் பெண் யார்? உடையையும் கூந்தலையும் வரிசையாகப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விற்பவர்களின் குறிப்புகளில் 'அரண்மனைப் பெண்' என்று எழுதப்பட்டிருப்பவர்களில் பலர் அரண்மனையைப் பார்த்திராதவர்கள். அழகிய பெண்களை வரைந்த எடோ கால (1603–1868) அச்சுப்படங்களில் பெருந்தொகையானவை யோஷிவாரா பகுதியின் கணிகையரையும், தேநீர்க்கடைப் பெண்களையும், நகரத்துக் குடும்பப் பெண்களையும் காட்டுபவை. உண்மையான அரண்மனைப் பெண்களிலும் இரண்டு வகை உண்டு: கியோட்டோவில் பேரரசரின் அவையைச் சேர்ந்தவர்கள், எடோ கோட்டையில் ஷோகனின் அந்தப்புரத்தைச் சேர்ந்தவர்கள். ஆக, நம் முன் இருக்கும் கேள்விக்கு மூன்று விடைகள் சாத்தியம்.

முதலில் இடைக்கச்சையான 'ஓபி'யைப் பாருங்கள். பெரிய கச்சை முன்புறம் முடியப்பட்டு, தலையில் ஊசிகள் வரிசையாகக் குத்தப்பட்டு, கால்கள் வெறுமையாக இருந்தால் அவர் உயர்நிலைக் கணிகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கச்சையை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் முன்புறம் முடிவது முற்காலத்தில் மற்றப் பெண்களிடமும் இருந்தது. மூன்று அடையாளங்களும் ஒன்றுகூட வேண்டும்.

பிறகு கூந்தல். கட்டாமல் முதுகில் நீளமாக வழியவிட்ட கூந்தல் பேரரசரின் அவைக்கு உரியது. முகத்தின் இருபுறமும் அகலமாக விரித்துப் பின்னால் தொங்கவிட்ட 'ஓசுபெரகாஷி' வடிவம் எடோ காலத்தின் பிற்பகுதியில் உருவானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹெயான் காலக் காட்சி என்று தலைப்பு சொல்லும் படத்தில் இந்த விரிந்த கூந்தல் இருந்தால், ஓவியர் தம் காலத்து வழக்கத்தைப் பழங்காலத்தில் ஏற்றியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷோகனின் அந்தப்புரத்தில் உயர்பதவிப் பெண்கள், 'கோகாய்' என்ற நீண்ட கோலைச் சுற்றிக் கூந்தலை வளைத்துக் கட்டும் 'கதஹஸுஷி' என்ற அலங்காரத்தில் வருவார்கள். இளம் பணிப்பெண்களிடம் 'ஷிமாடா' வகைக் கொண்டைகள் இருக்கும்.

சிகனோபுவின் தொடரில் ஒரே படத்துக்குள் இந்த இரண்டு உலகங்களும் கலந்து நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். ஷோகனின் மனைவி பெரும்பாலும் கியோட்டோ உயர்குடியிலிருந்து வந்தவர். சடங்கு நாள்களில் அவர் கியோட்டோ முறைக் கூந்தலோடும் உடையோடும் தோன்றுவது இயல்பு. அவரைச் சுற்றியிருப்பவர்களின் கூந்தலைப் பார்த்தால் இடம் எது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது உடை. கழுத்தருகிலும் கைமுனையிலும் பல நிற அடுக்குகள் தெரியும் 'ஜூனிஹிதோயே', அதனடியில் செந்நிற அகன்ற கால்சட்டை, பின்னால் இழுபடும் வெண்ணிற நீள்துணி, கையில் வண்ணக் கயிறுகள் தொங்கும் மெல்லிய மரத்தகடுகளாலான விசிறி ஆகியவை பேரரசரின் அவையைக் காட்டுகின்றன. கோட்டைப் பெண்களோ, இடைக்கச்சை கட்டிய உடையின்மேல், பஞ்சு அடைத்த கீழ்விளிம்பு தரையில் புரளும் 'உச்சிகாகே' என்ற மேலங்கியைக் கட்டாமல் திறந்தபடி அணிவார்கள். கோடைச் சடங்குகளில் அந்த மேலங்கி தோளில் இராது. இடையில் சுற்றப்பட்டுக் கைப்பகுதிகள் இருபுறமும் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். 'கொஷிமாகி' என்ற இந்த முறையான கோடை உடையை, தோளிலிருந்து நழுவிய உடை என்று வருணித்த விற்பனைக் குறிப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மிகுந்த ஒழுங்கோடு நிற்கும் ஒரு பெண்ணை அந்தக் குறிப்பு வேறொருத்தியாக்கிவிடுகிறது.

நான்காவது முகம். மணமான பெண்கள் பற்களைக் கருப்பாக்கிக்கொள்வதும் புருவங்களை மழிப்பதும் வழக்கம். உயர்குடிப் பெண்கள் மழித்த புருவத்துக்குப் பதிலாக நெற்றியின் மேற்பகுதியில் மங்கலான இரண்டு பொட்டுகளைத் தீட்டிக்கொண்டார்கள். இந்த அடையாளங்களைக் கறை என்றோ அச்சுப்பிழை என்றோ எண்ணிவிடாதீர்கள். கெய்சாய் எய்சென் போன்றோர் வரைந்த பெண்களின் கீழுதடு பச்சையாக இருப்பதும் அப்படித்தான்: செந்தூரகப் பூவின் சாயத்தைத் தடிமனாகப் பூசினால் உதட்டில் பச்சை மினுக்கம் தோன்றும், அன்றைய நாகரிகம் அது. மெய்ஜி பேரரசி 1873-இல் பல் கருப்பாக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். 1886 முதல் மேலை உடையில் பொதுவில் தோன்றினார். ஆகவே அவரை இடுப்புக்குப் பின்னால் புடைத்த ஐரோப்பிய அங்கியில் காட்டும் படத்தை அந்த ஆண்டுக்கு முன்னால் வைக்க எளிதில் துணியக் கூடாது.

கடைசியாக மாறுவேடப் படங்களை விலக்க வேண்டும். ஷோகனின் குடும்பத்தை வெளிப்படையாக அச்சிட எடோ ஆட்சியில் தடை இருந்தது. எனவே ஷோகனின் கோட்டைப் பெண்களைப் பெயர் சொல்லிக் காட்டும் படம் 1868-க்குப் பிந்தையது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு முன்பு அரண்மனை வாழ்க்கையைக் காட்ட விரும்பியவர்கள், ஹெயான் கால அவை வாழ்க்கையைச் சொல்லும் பழைய நாவலான 'கெஞ்சி' கதையின் திரைக்குப் பின்னால் நின்றார்கள். ஓவியர் குனிசாடாவின் கெஞ்சி படங்களில் இறால் வால்போல் இரண்டாகப் பிளந்த குடுமியுடன் ஓர் இளைஞர் பெண்கள் நடுவே இருப்பார். அவர் 1829-இல் வெளிவரத் தொடங்கிய தழுவல் நாவல் ஒன்றின் நாயகரான மிட்சுஉஜி. அவரைக் கண்டால் அந்தக் காட்சியைப் பழங்கால அவையின் நேரடிச் சித்திரமாகப் பதிவுசெய்ய வேண்டாம். ஐந்து செங்குத்துக் கோடுகள் மேலே பலவிதமாக இணைந்த சிறு சின்னம் தென்பட்டால், அது கெஞ்சி கதையின் எந்த அத்தியாயம் என்பதைச் சுட்டுகிறது.

சின்னங்களும் உதவும். பதினாறு இதழ்ச் சாமந்தி பேரரசரின் குடும்பத்துக்கு உரியது. வட்டத்துக்குள் மூன்று இலைகள் கூடிய சின்னம் ஷோகன்களின் தொகுகாவா குடும்பத்துக்கு உரியது. திரையிலும் பெட்டியிலும் விளக்கிலும் தேடுங்கள். உடையில் இல்லாதது பொருள்களில் இருக்கும்.

6. ஓரத்து எழுத்துகளிலிருந்து ஆண்டைக் கண்டறியுங்கள்

ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் இந்தப் படியைச் செய்ய முடியும். மெய்ஜி காலப் படத்தின் ஓரத்தில் அல்லது சிறு கட்டத்தில் மேலிருந்து கீழாகச் சில வரிகள் இருக்கும். அவற்றில் 'மெய்ஜி' என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். முதல் எழுத்தின் இடப்பாதி, நடுவே ஒரு கோடு கொண்ட செவ்வகம்; வலப்பாதி, இரண்டு கால்களும் உள்ளே இரண்டு கோடுகளும் கொண்ட வடிவம். இந்த இரண்டு பாதிகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கீழே தேதிக்குள் அவையே தனித்து வரும்: வலப்பாதி மாதத்தையும் இடப்பாதி நாளையும் குறிக்கும்.

அந்த இரண்டு எழுத்துகளுக்குக் கீழே எண். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அத்தனை கிடைக்கோடுகள். பத்து, கூட்டல் குறி வடிவம். இருபதுக்கு, இரண்டு செங்கோடுகளை ஒரு நீண்ட கிடைக்கோடு வெட்டி, அடியில் ஒரு சிறு கோடு அவற்றை இணைக்கும் ஒற்றை எழுத்தே பெரும்பாலும் வருகிறது. எட்டு, மேலே நெருங்கிக் கீழே விலகும் இரண்டு கோடுகள். கிடைத்த எண்ணோடு 1867-ஐக் கூட்டினால் பொது ஆண்டு வந்துவிடும். மெய்ஜி 28 என்றால் 1895. ஜப்பான் 1873 தொடக்கத்திலிருந்து மேலை நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், அதற்குப் பிந்தைய மாதங்களைத் திருத்த வேண்டியதில்லை. ஒரே படத்தில் இரண்டு தேதிகள் இருந்தால் ஒன்று அச்சிட்ட நாள், மற்றது வெளியிட்ட நாள், இரண்டையும் எழுதிவையுங்கள்.

ஆண்டு எண்ணை அவசரமாகப் படிப்பதில் நேரும் பிழைதான் அதிகம். இருபதின் எழுத்தைப் பத்து என்று படித்தால் படம் பத்தாண்டு முன்னே போய்விடும். ஓரம் அழுக்கடைந்திருந்தால் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். மை மங்கினாலும் பலகை அழுத்திய பள்ளம் தெரியும்.

1875-க்கு முந்தைய படங்களுக்கு முறை வேறு. அங்கே தணிக்கை முத்திரையின் வகையே காலத்தைச் சொல்கிறது: சிறிய வட்டத்துக்குள் ஒற்றை எழுத்து இருந்தால் 1790-களின் தொடக்கத்துக்கும் 1842-க்கும் இடைப்பட்டது, தணிக்கையாளர் இருவரின் பெயர் முத்திரைகள் அருகருகே இருந்தால் 1847 முதல் 1852 வரை. விலங்குப் பெயரால் ஆண்டைக் குறிக்கும் தேதி முத்திரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வடிவில் திரும்பும் என்பதால், அருகிலுள்ள மற்ற முத்திரையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

7. இப்போது ஓவியரின் பெயர்

கையொப்பம் படத்துக்குள் இருக்கும். ஓரத்தில் சட்டப்படியான பெயரும் முகவரியும் இருக்கும். இரண்டும் வேறுவேறாக இருப்பதே வழக்கம். சிகனோபுவின் படங்களில் ஓரத்தில் வருவது ஹஷிமோட்டோ நவோயோஷி என்ற அவருடைய இயற்பெயர். அவருடைய ஆசிரியர் தொயோஹாரா குனிசிகாவின் படங்களில் அரகாவா யாசோஹாச்சி என்றும், யோஷிதோஷியின் படங்களில் ட்சுகியோகா யோனெஜிரோ என்றும் காணலாம். எழுத்தறியும் செயலியில் ஓரத்தை மட்டும் காட்டிப் பெயர் வாங்கியவர்கள், சிகனோபுவின் படத்தை யாரும் கேள்விப்படாத ஓவியர் ஒருவரின் பெயரில் பதிவுசெய்துவிடுகிறார்கள். பதிப்பாளரின் பெயரும் அதே ஓரத்தில் அதே அளவு எழுத்தில் இருப்பதால், அவரையே ஓவியராக்கிவிடுவதும் உண்டு.

ஒரே பெயரைப் பலர் சூடியதையும் மறக்கக் கூடாது. 1844 முதல் குனிசாடா தம் ஆசிரியரின் பெயரான தொயோகுனி என்றே கையொப்பமிட்டார். மூத்த தொயோகுனி 1825-இல் காலமானவர். ஆறாம் படியில் கண்ட தேதிதான் இந்த இருவரையும் பிரிக்கும்; தேதிக்கு முன் பெயரைப் படித்தவர்கள் இங்கே வழிதவறுவார்கள்.

8. உறுதிப்படுத்தப்பட்ட பிரதியோடு ஒப்பிடுங்கள்

ஜப்பானிய தேசிய நாடாளுமன்ற நூலகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவை தங்கள் பிரதிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரியிலும் சிகனோபுவின் படங்கள் நிறைய உள்ளன.

படத்தின் பொதுத் தோற்றத்தை ஒப்பிடாதீர்கள். மறுசெதுக்கலும் பொதுத் தோற்றத்தில் ஒத்துத்தான் இருக்கும். தலைப்பைச் சுற்றிய சட்டக்கோடு, தாளின் எல்லைக்கோடு, நீண்ட உடைமடிப்புக் கோடு ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மரப்பலகை தேயத் தேய இந்தக் கோடுகளில் சிறு முறிவுகள் விழும். அதே இடத்தில் அதே முறிவு இரண்டு பிரதிகளிலும் இருந்தால் ஒரே பலகையிலிருந்து வந்தவை என்பதற்கு வலுவான சான்று அது. முறிவுகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் உங்கள் பிரதி பின்னால் அச்சானது. கோடுகளின் வளைவே வேறுபட்டால், பலகையே வேறு.

வண்ண வேறுபாட்டை மட்டும் வைத்து எதையும் ஒதுக்க வேண்டாம். ஒரே பலகைகளில் வெவ்வேறு நாள்களில் அச்சிடும்போது நிறம் மாறும். வெயில் பட்டாலும் மாறும். தாளின் பின்பக்கத்திலும், சட்டகத்தின் அட்டை மறைத்திருந்த ஓரத்திலும் வண்ணம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடம்தான் பழைய நிறத்துக்குச் சாட்சி.

9. அச்சின் தரத்தை இரண்டே இடங்களில் சோதியுங்கள்

முதல் இடம், நெற்றிக்கும் கன்னப்பொறிக்கும் அருகே கூந்தல் தொடங்கும் எல்லை. செதுக்குநர்களில் தேர்ந்தவருக்கே ஒப்படைக்கப்பட்ட பகுதி அது. உருப்பெருக்கியில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பல முடிக்கோடுகள் ஒன்றையொன்று தொடாமல், வேரில் மெலிந்து, கொண்டையை நோக்கித் தடித்துச் செல்வது தெரியும். பலகை புதிதாக இருந்தபோது அச்சான பிரதியில் இடைவெளிகள் வெண்மையாகத் தெளிந்திருக்கும். தேய்ந்த பலகையில் அவை மையால் அடைபட்டுக் கருந்திட்டாகிவிடும்.

இரண்டாவது இடம், வண்ணமே இல்லாத வெள்ளைப் பகுதி. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் மட்டத்துக்கு ஏறத்தாழக் கிடையாகப் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் வெறும் வெள்ளையாக நின்ற உள்ளாடைக் கழுத்துப்பட்டையில், பட்டின் நெய்வுக் கட்டங்களோ மலர்க்கொடியோ மேடும் பள்ளமுமாக எழுந்து வரும். மை இல்லாமல் பலகையை மட்டும் அழுத்தி உண்டாக்கும் இதற்குக் 'கராசுரி' என்று பெயர். சிகனோபுவின் தொடரில் நல்ல பிரதிகள் இதற்காகவே விரும்பப்படுகின்றன. கருங்கூந்தலிலும் கருந்துணியிலும் மினுக்கான வடிவம் தனித்துத் தெரிகிறதா என்றும் அதே வெளிச்சத்தில் பாருங்கள். தாளை அழுத்தி இஸ்திரி போட்டோ, இறுக்கமான பலகையில் ஒட்டியோ வைத்திருந்தால் இந்த மேடுகள் தட்டையாகிப்போயிருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

10. பதிவை எழுதுங்கள்

பார்த்ததையும் முடிவுசெய்ததையும் தனித்தனியாக எழுத வேண்டும். "மூன்று தாள்களில் வலத்தாள் மட்டும், ஓரம் வெட்டப்பட்டது, தேதி இல்லை, தொடர்த் தலைப்பு உள்ளது, சட்டக்கோட்டின் முறிவுகள் நூலகப் பிரதியோடு ஒத்துள்ளன" என்பது பார்த்தது. "எனவே 1894–96 தொடரைச் சேர்ந்தது" என்பது முடிவு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால், நாளை புதிய சான்று கிடைக்கும்போது எதைத் திருத்துவது என்று தெரியாது. உடையை வைத்து 'கோட்டைப் பெண்' என்று எழுதினால், எந்த அடையாளத்தால் அப்படி எழுதினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

11. பத்திரப்படுத்துதல்

அமிலமற்ற தாளுறையில் கிடையாக வையுங்கள். பிவிசி உறைகள் காலப்போக்கில் தாளைக் கெடுப்பவை. ஒளிபுகும் உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறையைப் பயன்படுத்துங்கள். செல்லோடேப்பை எந்த இடத்திலும் ஒட்டக் கூடாது.

சுவரில் மாட்டுவதானால் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அட்டைச் சட்டத்தால் இடைவெளி விடுங்கள். நேர்வெயில் படாத, 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான சுவரைத் தேர்ந்து, சில மாதங்களுக்குப் பின் எடுத்து உறையில் வைத்துவிடுங்கள். மெய்ஜி காலச் சிவப்பும் ஊதாவும் ஈரம் பட்டால் கசியக்கூடியவை. ஈரத்துணியால் துடைப்பதும், கறையை நீக்க நீரில் நனைப்பதும் வேண்டாம். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் படங்களை உள்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.